மயோலிக்கா: யாருடைய மரபு?

மயோலிக்காவை 'இத்தாலியின் தூய மரபு' என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. சீனப் பீங்கானின் வெண்மைக்கு ஆசைப்பட்டு, 9-ஆம் நூற்றாண்டிலேயே ஈராக்கியக் குயவர்கள் கையாண்ட வெள்ளீயப் பூச்சு அது. முஸ்லிம் ஸ்பெயின் வழியாக இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தது. பெயரே மயோர்க்கா தீவிலிருந்து வந்தது என்பார்கள். அப்புறம் என்ன தூய்மை?

தெரூதாவிலும் ஃபயென்ஸாவிலும் இன்றும் வேலை இப்படித்தான். ஒருமுறை சுட்ட கலத்தை வெள்ளைக் கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். காய்ந்தால் மாவு படிந்த மாதிரி இருக்கும். அதன்மேல் கோபால்ட் நீலம், செம்புப் பச்சை. தூரிகை பட்டவுடன் நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். அழித்துத் திருத்துவது லேசில் நடக்காது. துளையிட்ட தாளை வைத்துக் கரித்தூள் தட்டி உருவத்தை இறக்கிக்கொள்ளலாம்தான். ஆனால் கோட்டை இழுப்பது கை. அதற்குப் பிறகு இரண்டாம் சூளை.

1990-இல் 188-ஆம் எண் சட்டம் மரபு மட்பாண்டங்களுக்கு முத்திரை கொடுத்தது. வடிவம், அலங்காரம், உத்தி, ஊர்ப்பெயர் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு, சரி, வேண்டியதுதான். ஆனால் 'மரபு' என்ற சொல்லாடலுக்குள் பொருள் நுழைகிறது, உழைப்பு வெளியே நிற்கிறது. அச்சுப்படம் ஒட்டிய தட்டு மலிவாகக் கிடைக்கும்போது, பொழுதெல்லாம் குனிந்து ஒரே தட்டைத் தீட்டுகிறவர் என்ன விலை சொல்வார்? புதிதாக வருகிற பையனுக்குக் கை படிய வருஷங்கள் ஆகும். அந்த வருஷங்களுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.