பெயரை மறைக்கும் சட்டம் குற்றத்தையும் மறைக்கிறதா?

புது தில்லி: குற்றச் செயலில் ஈடுபடும் சிறாரின் பெயரையும் படத்தையும் ஊரறிய வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை தலைநகரில் அவ்வப்போது எழுந்து அடங்குவது வழக்கம். 2024 மே மாதம் புணேயில் நிகழ்ந்த கார் விபத்து, அக்கோரிக்கையை நாடு முழுவதும் ஒலிக்கச் செய்தது.

அம்மாதம் 19-ம் தேதி அதிகாலையில் கல்யாணி நகர்ப் பகுதியில் அதிவேகமாக வந்த போர்ஷே கார் மோதியதில், மோட்டார் சைக்கிளில் சென்ற 24 வயதுடைய மென்பொருள் பொறியாளர்கள் இருவர் உயிரிழந்தனர். காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், வசதி படைத்த குடும்பத்தைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன். பிடிபட்ட அன்றே சிறார் நீதி வாரியம் அவருக்கு ஜாமீன் வழங்கியது. சாலை விபத்துகள் குறித்து 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று.

மக்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. இறந்தவர்களின் பெயரும் படமும் எல்லா ஏடுகளிலும் வெளியாயின. ஆனால் அவர்களது சாவுக்குக் காரணமானவர் என்று கூறப்பட்டவரின் பெயரை அச்சிடச் சட்டம் அனுமதிக்கவில்லை. இது பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த சலுகை என்றே பலரும் கருதினர்.

சட்டம் சொல்வது என்ன?

2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரின் பெயர், முகவரி, பள்ளி உள்ளிட்ட எந்த அடையாளத்தையும் செய்தியாக வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். வழக்கு முடிந்த பிறகு, நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட அந்தப் பழைய பதிவைக் காவல்துறை வெளியிடக் கூடாது. ஏழை, பணக்காரர் என்ற பேதம் இதில் இல்லை. இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும், விசாரணையின் எல்லாக் கட்டங்களிலும் சிறாரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்கிறது.

நீதிமன்றங்களும் இதற்கு விலக்கல்ல. தில்லியில் 2016-ல் ஒரு சிறுவன் ஓட்டிய கார் மோதி ஒருவர் இறந்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே அச்சிறுவனின் பெயர் இடம்பெற்றிருந்தது. 2020 ஜனவரியில் மேல்முறையீட்டைத் தீர்த்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தீபக் குப்தா, அனிருத்தா போஸ் ஆகியோர், அது 74-வது பிரிவுக்கு ஒவ்வாதது என்று கூறி, பெயரை நீக்கித் தீர்ப்பைத் திருத்துமாறு பணித்தனர்.

ஔந்த் மருத்துவமனையில் வெளிவந்த உண்மை

புணே வழக்கில் உண்மையை வெளிக்கொணர்ந்தது, சிறுவனின் பெயர் அல்ல. ஔந்த் அரசு மருத்துவமனையில் எடுக்கப்பட்ட இரண்டாவது ரத்த மாதிரி. முதல் மாதிரி சசூன் அரசு மருத்துவமனையில் எடுக்கப்பட்டிருந்தது. இரண்டையும் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியபோது, அவை வெவ்வேறு நபர்களுடையவை எனத் தெரிந்தது. சிறுவனின் ரத்தத்துக்குப் பதிலாக அவரது தாயின் ரத்தம் வைக்கப்பட்டது என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. சசூன் மருத்துவர்கள் இருவரும், ஊழியர் ஒருவரும், பின்னர் சிறுவனின் பெற்றோரும் இது தொடர்பாகக் கைது நடவடிக்கைக்கு ஆளாயினர். எரவாடா காவல் நிலைய அதிகாரிகள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். வாரிய உறுப்பினர்கள் இருவரை மாநில அரசு 2024 அக்டோபரில் பதவியிலிருந்து நீக்கியது.

இந்நடவடிக்கைகள் எதற்கும் 74-வது பிரிவு தடையாக நிற்கவில்லை. சிறுவனின் பெயருக்குத்தான் திரையே தவிர, அவருக்காகச் சட்டத்தை வளைத்ததாகக் கூறப்படும் பெரியவர்களுக்கு இல்லை. சிறாரிடம் வாகனத்தைக் கொடுக்கும் பாதுகாவலருக்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் வழிசெய்கிறது.

மக்களின் கோபத்துக்குப் பணிந்து சட்டத்தைத் தாண்டுவதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. கூர்நோக்கு இல்லத்தில் சிறுவனை வைத்திருந்தது சட்டவிரோதம் என்று 2024 ஜூன் 25 அன்று மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரை விடுவித்தது. அவரை வயது வந்தவராகக் கருதி விசாரிக்கக் கோரிய காவல்துறையின் மனுவை 2025 ஜூலையில் சிறார் நீதி வாரியம் நிராகரித்தது.

தெருத் தீர்ப்பின் ஆபத்து

பெயரை வெளியிடும் பொறுப்பைக் கூட்டம் ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் இவ்வழக்கிலேயே சான்று உண்டு. ஜாமீனில் வந்த சிறுவன் பாடிய ராப் பாடல் என்று சமூக ஊடகங்களில் ஒரு காணொலி பரவியது. அதில் இருப்பவர் வேறொருவர் எனக் காவல்துறை விளக்கமளிக்க நேர்ந்தது.

தலைநகர் வட்டாரம் இதைவிடக் கொடிய அனுபவத்தைக் கண்டிருக்கிறது. 2020 மே மாதம், மாணவிகளை இழிவாகப் பேசிய தில்லி மாணவர்களின் இன்ஸ்டாகிராம் குழு ஒன்று அம்பலமானது. பதின்வயதினரின் பெயர்களும் படங்களும் பரவின. பாலியல் வன்முறைத் திட்டமாகப் பரபரப்பூட்டிய மற்றோர் உரையாடல், ஆண் பெயரில் ஒரு சிறுமியே நடத்தியது என்றும், அக்குழுவோடு தொடர்பற்றது என்றும் தில்லி காவல்துறை பின்னர் கண்டறிந்தது. அதே நாட்களில், இன்ஸ்டாகிராமில் பெயர் குறிப்பிட்டுக் குற்றம் சாட்டப்பட்ட குருகிராம் மாணவர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு வயது 17. குற்றச்சாட்டு மெய்யா பொய்யா என்று விசாரிக்க அவர் உயிரோடு இல்லை. புகார் கூறிய சிறுமிக்கும் நீதிமன்றத்தின் வழியே விடை கிடைக்க வாய்ப்பில்லாமற் போயிற்று.

பிள்ளைகளை இழந்த பெற்றோர் கேட்பது நீதி. சிறுவனின் பெயரை அச்சிடுவதால் அது கிடைத்துவிடாது. சாட்சியம் சிதையாமல் காக்கப்படுவதும், விசாரணை விரைந்து முடிவதும், பணபலத்துக்கு அதிகாரிகள் பணியாதிருப்பதுமே அதற்கான வழி. ஔந்தில் அந்த இரண்டாவது மாதிரி எடுக்கப்படாமல் இருந்திருந்தால், சிறுவனின் பெயர் நாடெங்கும் தெரிந்திருந்தாலும், ரத்தம் மாற்றப்பட்டதாகக் கூறப்படும் செய்தி வெளிவராமலே போயிருக்கக்கூடும்.