அந்தச் சொல்லை நாமும் விட வேண்டும்

ராசிபுரம் பக்கத்தில் ஒரு காலனி. லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்துவந்த இளைஞர் ஒருவர் இரண்டு ஆண்டுகளாக வேலைக்குப் போவதில்லை. யாரோ தன்னைத் திட்டிக்கொண்டே இருப்பதாகக் காதில் குரல் கேட்கிறது என்கிறார். இரவில் தூங்குவதில்லை. வீட்டார் முதலில் முனி அடித்துவிட்டதாக நினைத்து மந்திரித்தார்கள். பிறகு குணசீலத்துக்குக் கூட்டிப்போனார்கள். இப்போது ஊருக்குள் அவருக்குப் பெயர் ‘கீழ்ப்பாக்கம்’. ரேஷன் கடை வரிசையில் தாயின் காதுபடவே அப்படிச் சொல்கிறார்கள்.

அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: “ஏந்தம்பி, சாதியச் சொல்லித் திட்டுனா கேசு போடலாமுன்னு சொன்னீங்க. எம்பையனப் பைத்தியம்னு திட்டறவனுக்கு ஒண்ணுங் கெடையாதுங்களா?”

அன்று என்னிடம் பதில் இல்லை. சட்டத்தைப் புரட்டிப் பார்த்தபோது கிடைத்தது.

பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 92-வது பிரிவும் கிட்டத்தட்ட அதே சொற்களில் அதே தண்டனையைச் சொல்கிறது. அந்தச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று மருத்துவர் சான்றளித்தால் அரசு வேலையில் இடஒதுக்கீடும் உண்டு. நம் மக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கீழ்ப்பாக்கம் என்பது 1794-ல் தொடங்கிய ஒரு மருத்துவமனையின் முகவரி. நோயைக் குணப்படுத்தும் இடத்தின் பெயரைச் சினிமா நகைச்சுவை வசவாக்கியது. நாம் சிரித்தோம். மாற்றுத்திறனாளிகளைக் கேலிப்பொருளாக்கும் சித்தரிப்புகள் குறித்து 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் திரைத்துறைக்கு அறிவுறுத்தல்கள் வழங்கியது. ஆனால் தெருவில் புழங்கும் சொல்லை நீதிமன்றம் வந்து நிறுத்தாது. தொழிலின் பெயரும் பிறப்பின் பெயரும் எப்படி வசவாகின்றன என்பதை நம்மைவிட அறிந்தவர்கள் யார்? இருந்தும், ரேஷன் வரிசையில் அந்தப் பையனை அப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேர் நம் தெருக்காரர்கள்.

சொல்தானே என்று விட முடியாது. பெயர் வந்துவிடும் என்ற பயத்தில்தான் வீட்டார் மறைக்கிறார்கள். தங்கைக்கு மாப்பிள்ளை வராது என்று பயப்படுகிறார்கள். மறைக்கும் மாதங்களில் நோய் முற்றுகிறது. நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருப்பது தெரியவந்தது. தினக்கூலிக் குடும்பத்துக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் கூலி இல்லாத நாளும்கூட.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நான் குறை சொல்லவில்லை. அத்தோடு நின்றுவிடுவதுதான் ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இன்று சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்திருக்கிறது. ஒருவரின் சமூக நிலையை வைத்தோ, ஊர் வழக்கத்துக்கு அடங்கவில்லை என்பதை வைத்தோ அவரை மனநோயாளி என்று முடிவுசெய்யக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சாதி மாறிக் காதலித்த பெண்ணையும், எதிர்த்துப் பேசிய இளைஞரையும் ‘புத்தி சரியில்லை’ என்று சொல்லி அடக்கும் ஊர்களில் இந்த வரிக்குத் தனி மதிப்பு உண்டு.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம். மருந்துக்குக் காசு இல்லை. குரல் நின்றுவிட்டது என்று மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நோய் திரும்பும். உடனடியாகப் பேச ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் அழைக்கலாம்.

அந்த இளைஞர் இப்போது மாதம் ஒருமுறை சேலம் போய் வருகிறார். தூக்கம் வந்திருக்கிறது. பட்டறையிலிருந்து இன்னும் கூப்பிடவில்லை. 92-வது பிரிவைப் பற்றி அவருடைய தாயிடம் சொன்னேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, “கேசு இப்ப வேண்டாந்தம்பி. மொதல்ல நம்ம தெருவுல நாலு பேருகிட்ட நீங்களே சொல்லுங்க” என்றார்.

அதற்காகத்தான் இந்த வாரம் இதை எழுதினேன்.