தோணித் துறையில் தெண்டாயுதபாணி

தைப்பூசத்திற்கு முந்தைய நாள், டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து வெள்ளித் தேரில் புறப்படும் முருகப் பெருமான், கியோங் செய்க் சாலையில் எழுந்தருளியிருக்கும் தமையனார் லயன் சித்தி விநாயகரைக் காணச் செல்கின்றார். கோயில் இருப்பது சிங்கப்பூர் ஆற்றின் வடபுறம். விநாயகர் இருப்பது தென்புறம். ஆற்றைக் கடந்தே தேர் செல்ல வேண்டும். தேரைத் தொடரும் அடியார்கள் அவ்விடத்தில் நீரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தல் தகும். ஏனெனில் இந்நகரில் கோயில் எழுப்பிய தமிழர்களை இங்குக் கொண்டுவந்தவை மரக்கலங்களே.

1819ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாக இங்கு வந்தபோது, பினாங்கிலிருந்து 'இந்தியானா' கப்பலில் உடன் வந்தவர் நாராயண பிள்ளை. அவருடைய முயற்சியால் 1827இல் ஸ்ரீ மாரியம்மன் கோயில் மரமும் அத்தாப்பும் கொண்டு எழுந்தது. பின்னர் வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகள் வைத்துத் தொழில் நடத்தி, 1859இல் தெண்டாயுதபாணிக்குக் கோயில் கண்டனர். பாய்க்கப்பல் காலத்தில் வங்கக் கடலைக் கடக்கக் காற்றே துணை. தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே வருவர். வாடைக்காற்றில் ஊர் திரும்புவர். தைப்பூசம் வருவதும் அந்த வாடைக்காற்றுக் காலத்திலேதான்.

வணிகரைப் பற்றி ஏடுகள் பேசுகின்றன. படகோட்டிகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆழங்குறைந்த ஆற்றுக்குள் பெருங்கப்பல்கள் நுழைய இயலாது. அவை வெளியே நங்கூரமிட்டு நிற்கும். அவற்றிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவந்தவை, தமிழர் 'தொங்கான்' என்றழைத்த மரப் படகுகள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தொழில் பெரிதும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோர் கையில் இருந்தது. பிற்பகுதியில் சீனர் வசமாயிற்று. பலகைகளின் இடுக்கில் நார் திணித்துக் கலப்பற்று அடிக்காவிடில் மரப் படகு நீரில் நில்லாது. ஓட்டுவதும் எளிதன்று. 1869இல் கட்டி முடிக்கப்பட்ட கேவனா பாலம் தாழ்வானது. நீர் ஏறியிருக்கும் வேளையில் படகு அதன்கீழ் நுழையாது. நீர் வற்றும்வரை காத்துக் கிடக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் அவ்வாறு காத்துக் கிடந்த தொழிலாளர் தம் பெயர் எந்தத் திருப்பணிக் கல்லிலும் ஏற வேண்டுமென்று கேட்டவரல்லர்.

1977இல் தொடங்கிய ஆற்றுத் தூய்மைப் பணியின் பயனாக, 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. ஆறு தூய்மையுற்றது, அது வேண்டிய பணியே. தெண்டாயுதபாணி கோயில் புதிதாய்க் கட்டப்பெற்றுக் குடமுழுக்குக் கண்டதும் அதே 1983இல்தான். ஆற்றில் இன்று சுற்றுலாப் பயணியரின் படகுகளே ஓடுகின்றன.

தாய்த் தமிழகத்தில் தைப்பூசம் தெப்பத்திற்கும் உரிய நாள். மயிலாப்பூரில் கபாலீசுவரர் தெப்பத்தில் உலா வருவார். மதுரையில் மீனாட்சியம்மனும் சுந்தரேசுவரரும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்திற்கு எழுந்தருள்வர். திருமலை நாயக்கர் வெட்டுவித்த குளம் அது. தெப்பத்திற்குத் துடுப்புமில்லை, பாயுமில்லை. கரையில் நிற்கும் அடியார்களே வடம் பிடித்து, தேரைப் போலவே இழுப்பர். குளம் வறண்ட ஆண்டுகளிலும் மதுரை மக்கள் தெப்பம் கட்டாமல் விட்டதில்லை. நிலையாக நிறுத்திய தெப்பத்தில் சுவாமி காட்சி தந்தார். அதற்கு 'நிலைத்தெப்பம்' என்று பெயர்.

நீரில்லாத குளத்தில் தெப்பம் நிற்கலாமெனில், தொங்கான் இல்லாத ஆற்றங்கரைக் கோயிலில் அதன் மாதிரி ஒன்று நிற்கலாகாதா? அலங்காரத்திற்கென்று கடைகளில் விற்கும் கப்பல் மாதிரிகள் பெரும்பாலும் ஐரோப்பியப் பாய்க்கப்பல்கள். மூன்று பாய்மரமும் வெண்ணிறப் பாயுமாய் அவை நம் இல்லங்களின் கூடங்களில் வீற்றிருக்கின்றன. தோணியையும் தொங்கானையும் அவ்வாறு காண்பது அரிது. ஆற்றங்கரையில் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் அருகே செட்டியாருக்கு வெண்கலச் சிலை உண்டு. உபயதாரர் எவரேனும் முன்வந்து, தேர்ந்த தச்சரைக் கொண்டு நான்கைந்து அடி நீளத்தில் நல்ல மரத்தாலான தொங்கான் ஒன்று செய்வித்துக் கோயில் மண்டபத்தில் வைக்கலாம். செய்வோர் படகோடு நிறுத்திவிடாது, அதில் துடுப்புப் பிடிக்கும் ஆட்களையும் சேர்த்தே செதுக்க வேண்டும்.