பிரின்ஸஸ் தெருவில் ஏன் ஒரு பக்கம் மட்டும் கடைகள்?

எடின்பரோ போகிற எல்லாரும் தவறாமல் எடுக்கும் போட்டோ ஒன்று உண்டு. முன்னால் பூந்தோட்டம், அதற்கு மேலே கரும்பாறை, பாறை உச்சியில் கோட்டை. பெரும்பாலும் அதை எடுக்க நிற்கிற இடம் பிரின்ஸஸ் தெரு, அந்த ஊரின் பிரதான கடைவீதி. ஆனால் கடைகள் கிட்டத்தட்ட எல்லாமே வடக்குப் பக்கம்தான். தெற்கே, ரயில் நிலையம் உள்ள கிழக்கு முனையையும் நடுவில் இருக்கும் இரண்டு கலைக்கூடங்களையும் விட்டால், மிச்சமெல்லாம் தோட்டம். ஊருக்கு நடுவில் இவ்வளவு விலைமதிப்புள்ள இடத்தை எப்படி விட்டு வைத்தார்கள்?

முதலில் அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். கோட்டை நிற்கும் பாறை, சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு எரிமலையின் வாய்க்குள்ளேயே இறுகிப்போன குழம்பு. பனியுகத்தில் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்த பனிப்பாளம் இந்தக் கெட்டிப் பாறையில் மோதி, இரண்டு பக்கமும் பள்ளம் தோண்டிக்கொண்டு போனது. பாறையின் மறைவில் இருந்த நிலம் மட்டும் தப்பித்து, நீளமான வால் மாதிரி நின்றுவிட்டது. அந்த வாலின் முதுகில்தான் பழைய நகரமும் ராயல் மைல் தெருவும் இருக்கின்றன. வடக்குப் பக்கத்துப் பள்ளம்தான் இன்றைய தோட்டம்.

15ஆம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தில் தண்ணீரைத் தேக்கி ஏரியாக்கினார்கள். எதிரிகளைத் தடுக்க ஓர் அகழி. பெயர் நார் லாக், அதாவது வடக்கு ஏரி. மேட்டில் இருந்த ஊரின் கழிவெல்லாம் சரிவில் இறங்கி அதில்தான் சேர்ந்தது. நாற்றம் தாங்காத நிலைக்கு வந்த ஏரியை 1759இல் வடிக்க ஆரம்பித்தார்கள். முழுசாக வடிந்து முடிய 1820 வாக்கில் ஆகிவிட்டது.

இதற்கிடையே பழைய நகரத்தில் நெரிசல் மிஞ்சிப்போக, ஏரிக்கு வடக்கே புது நகரம் அமைக்க 1766இல் போட்டி வைத்தார்கள். ஜெயித்தவர் ஜேம்ஸ் கிரெய்க் என்ற இளைஞர். அவருடைய வரைபடத்தில் பிரின்ஸஸ் தெருவுக்குத் தெற்கே வீடு எதுவும் கிடையாது, திறந்தவெளிதான். அந்தப் படத்தை நம்பித்தான் வசதியானவர்கள் வடக்குப் பக்கம் மனை வாங்கினார்கள்.

கொஞ்ச வருஷத்திலேயே நகராட்சி, கிழக்கு முனையில் தெற்குப் பக்க மனைகளையும் கட்டடம் கட்டக் கொடுத்துவிட்டது. சுவர்கள் எழும்பின. புது நகரவாசிகள் கேஸ் போட்டார்கள். அவர்களில் ஒருவர், அங்கே வீடு கட்டியிருந்த தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம். எடின்பரோ நீதிமன்றத்தில் தோல்வி. விடாமல் லண்டனுக்குப் போய், 1772இல் பிரபுக்கள் சபையில் தடை வாங்கினார்கள். 1776இல் சமரசம் ஆனது: எழும்பிய கட்டடங்கள் இருக்கட்டும், அதற்கு மேற்கே உள்ள இடம் தோட்டமாகவே இருக்க வேண்டும். பிறகு 1816இல் நாடாளுமன்றச் சட்டமே வந்து தெற்குப் பக்கத்துக்குப் பாதுகாப்பு கொடுத்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஊர் ஜனங்களுக்குப் பூங்கா வேண்டும் என்று யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. தங்கள் ஜன்னல் காட்சி மறையக்கூடாது, மனையின் மதிப்பு குறையக்கூடாது, அவ்வளவுதான். மேற்குத் தோட்டம் உருவான பிறகும் சாவி வைத்திருந்தவர்கள் மட்டும்தான் உள்ளே போக முடிந்தது. எல்லாருக்கும் கதவு திறந்தது 1876இல். வழக்கில் ஜெயித்து நூறு வருஷத்துக்கு மேல்! சுயநலத்துக்குப் போட்ட வழக்குதான், ஆனால் அது இல்லையென்றால் பின்னால் திறந்துவிட அங்கே தோட்டமே இருந்திருக்காது.

இன்று அங்கே நடந்தால் இந்தக் கதையின் தடயங்களை வரிசையாகப் பார்க்கலாம். தோட்டத்தை இரண்டாகப் பிரிக்கும் மேடான சாலைக்கு மவுண்ட் என்று பெயர். புது நகரத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய மண்ணை, சுமார் 15 லட்சம் வண்டி, கொட்டிக் கொட்டி எழுந்த மேடு அது. தோட்டத்தின் நடுவில் ஓடும் ரயில் பாதை 1846இல் வந்தது. வீடு கட்டக்கூடாது என்ற இடத்தில் ரயில் நுழைந்துவிட்டது, ஆனால் பள்ளத்தோடு பள்ளமாக. அதே வருஷம் திறந்ததுதான் கிழக்குத் தோட்டத்தில் இருக்கும் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் நினைவுக் கோபுரம். உயரம் 61 மீட்டர்.

கோட்டைக்கு டிக்கெட் எடுக்கணும், தோட்டத்துக்கு வேண்டாம். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பெரும்பாலும் மதியம் சரியாக ஒரு மணிக்குக் கோட்டையிலிருந்து பீரங்கி வெடிக்கும், 1861 முதல் இருக்கும் வழக்கம். மேற்குத் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்தே கேட்கலாம். அப்படியே ஒரு தடவை திரும்பி, கடைகள் இருக்கும் பக்கத்தையும் பாருங்கள். கேஸ் போட்டவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்த காட்சி, அங்கிருந்த ஜன்னல்களுக்குத் தெரிந்த காட்சிதான்.