கடல் கடந்து வந்த திருவிழா

செப்ரெம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நியூ ஜேர்சி மாநிலத்தின் ஹொபோக்கன் நகரிலே, ஹட்சன் ஆற்றங்கரையில் நாம் சில குடும்பங்கள் பிள்ளைகளுடன் நின்றிருந்தோம். ஆற்றுக்கு அப்பால் மன்ஹற்றனின் உயர்ந்த கட்டடங்கள். இப்பால், வாத்திய இசை முன்செல்ல, மாதாவின் திருச்சொரூபத்தை ஊர்வலமாக எடுத்து வந்தார்கள். திடீரென வெடிகள் முழங்கின. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எம்மில் இரண்டு மூன்று பேர் மட்டும் எம்மை அறியாமலே தலையைக் குனிந்து, பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். ஏன் சிரிக்கிறோம் என்று பிள்ளைகளுக்கு விளங்கவில்லை.

அது திருவிழா வெடிதான். எமது ஊர்களிலும் ஒரு காலத்தில் வெடிச்சத்தம் கேட்டால் கோவிலில் திருவிழா என்றே நினைத்தோம்.

ஹொபோக்கனில் எழுந்தருளியவர் ‘வேதசாட்சிகளின் மாதா’. இத்தாலியின் தென்கிழக்கே, அத்திரியாற்றிக் கடலோரத்தில், பாரி நகருக்கு அண்மையில் உள்ள மொல்பெற்றா என்னும் மீன்பிடி நகரின் பாதுகாவலி. சிலுவைப்போர்க் காலத்தில் அங்கு இறந்துபோன யாத்திரிகர்களை நினைத்தே அந்தப் பெயர் வந்தது என்பது அவ்வூர் மரபு. ஆண்டுதோறும் செப்ரெம்பர் 8ஆம் திகதி, மீன்பிடிப் படகுகளைப் பக்கம் பக்கமாகப் பிணைத்து, அதன்மேல் மாதாவை ஏற்றிக் கடலில் பவனி கொண்டுசெல்வார்கள். மாதாவின் பிறந்தநாளாகிய அதே நாளில்தான் வேளாங்கண்ணியிலும் பெருவிழா. புயலில் சிக்கிய போர்த்துக்கேய மாலுமிகள் கரைசேர்ந்த கதையை அறியாத தமிழர் யார்? கடலுக்குப் போகிறவனின் பயமும் நம்பிக்கையும் எந்தக் கரையிலும் ஒன்றுதான்.

பிழைப்புத் தேடி மொல்பெற்றாவை விட்டுப் புறப்பட்டவர்கள் மாதாவையும் கூட்டிக்கொண்டே போனார்கள். ஹொபோக்கனில் குடியேறியவர்கள் 1927இல் ஒரு சங்கத்தை அமைத்துத் திருவிழாவைத் தொடங்கினார்கள். அவுஸ்திரேலியாவின் பிறீமான்ரில் துறைமுகத்தில் குடியேறியவர்கள், அங்கிருந்த ஏனைய இத்தாலிய மீனவர்களோடு சேர்ந்து 1948 முதல் படகுகளை ஆசீர்வதிக்கும் விழாவை நடத்தி வருகிறார்கள். கடல் இல்லாத ஹொபோக்கனில் ஆறே கடலாயிற்று. இன்றும் மாதா படகேறி ஹட்சன் ஆற்றில் பவனி வருகிறார். வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் இதனை நடத்துகிறார்கள். வலை வீசத் தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் மாதா வரும் நாள் எது என்று அவர்களுக்குத் தெரியும்.

எமது கதை வேறு. நாம் பிழைப்புத் தேடி மட்டும் வந்தவர்கள் அல்லர். எமது கடலே எமக்கு மூடப்பட்டது. போர்க் காலத்தில் வடபகுதி மீனவர் தொழிலுக்குப் போவதற்கே தடை இருந்தது. 1993 நவம்பர் 13ஆம் திகதி குருநகர் புனித யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காகி, ஆலயத்தில் இருந்தவர்கள் உயிரிழந்தார்கள். இராமேஸ்வரத்து மக்களும் யாழ்ப்பாணத்து மக்களும் கூடுகின்ற கச்சதீவு அந்தோனியார் திருவிழா, போரினால் நீண்ட காலம் நின்றுபோய், போர் முடிந்தபின் 2010இல் மீண்டும் நடந்தது. 2016இல் அங்கு புதிய ஆலயமும் எழுந்தது. ஆயினும், எல்லை தாண்டியதாகக் கைதான மீனவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்து, 2024இல் இராமேஸ்வரம் மீனவர்கள் அத்திருவிழாவைப் புறக்கணித்தார்கள். இழுவைப் படகுகளால் வலை இழக்கும் எம்மவரின் துயரமும் தீர்ந்தபாடில்லை. ஒரே அந்தோனியாரை நம்பும் இரு கரை மக்களுக்கும் அந்தத் தீவில் ஒன்றாக முழங்காலிட இருக்கும் இரண்டு நாட்களும் இலேசாகக் கிடைத்தவை அல்ல.

ஊரில் திருவிழா என்பது ஒரு நாள் பூசை மட்டுமல்லவே. ஆனி 13இல் பாசையூர் அந்தோனியாருக்குத் திருவிழா என்றால், கொடியேற்றம், நவநாள், முதல்நாள் நற்கருணை விழா, திருநாள் பூசை, சுற்றுப்பிரகாரம் என்று நாட்கள் நீளும். கரையோரக் கிராமங்களில் கூத்துப் பழகுவதும், வெளியூர் போனவர்கள் வீடு திரும்புவதும், கோபத்தில் இருந்த உறவுகள் பேசிக்கொள்வதும் திருவிழாவை ஒட்டித்தான். எந்த வேலை எந்தக் குடும்பத்துக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எழுதி வைக்காததுதான் இன்று எமக்குள்ள ஆபத்து. ஜேர்மனியின் கேவலார் நகரிலே ஆகஸ்ட் மாதத்தில் ஆயிரக்கணக்கான தமிழர், சைவர்களும் சேர்ந்து, மாதாவிடம் கூடுகிறார்கள். அமெரிக்காவில் நாம் தொகையில் குறைவு. நியூ ஜேர்சியிலும் வளைகுடாப் பகுதியிலும் ரெக்சாசிலும் சிதறி வாழ்கிறோம். ஊருக்கு ஒரு திருவிழா என்பது இங்கு நடக்காத காரியம். ஆனால் மாநிலத்துக்கு ஒன்று நடக்கலாம். ஒரு பங்குக் கோவிலின் மண்டபத்தை ஒரு சனிக்கிழமைக்கு ஒழுங்கு செய்ய நான்கு குடும்பங்கள் போதும். அதற்கு முன்னர், ஊரில் கொடி தைத்தவர், கூத்தில் பாடியவர், கூடு சோடித்தவர் எம்மிடையே இருந்தால், அவர்கள் சொல்வதை எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் வைப்போம். அந்த முதியவர்களிடம் நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட முடியாது.

அன்று வீடு திரும்பும்போது காரின் பின்னிருக்கையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: “எங்கட சாமியும் போட்டில போவாரோ?”

“ஓம், போவார்” என்றோம். எந்த வழியாக, யார் சுமக்க, எந்தப் பாட்டோடு என்று அடுத்த கேள்வி வந்தபோது, எம்மில் ஒருவருக்கும் முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. இந்த ஆனி 13 வருமுன் அதைக் கேட்டு அறிந்து வைப்பது எமது கடமை.