நகைப்பெட்டியை நீங்களே செய்து பரிசளிக்க

தங்கையின் கல்யாணத்துக்கோ அம்மாவின் பிறந்தநாளுக்கோ ஒரு மர நகைப்பெட்டியை உங்கள் கையாலேயே செய்து தர நினைக்கிறீர்களா? ரம்பம் பிடித்துப் பழகியவர் யாரும் செய்துவிடலாம். ஆனால் மரம் வாங்கப் போகும் முன், அதில் என்னென்ன நகை இருக்கப் போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

நகையை எதற்குப் பார்க்க வேண்டும்? பார்க்க அழகாக இருக்கும் பல பெட்டிகளில் வளையலை நிறுத்தி வைக்க முடியாது. கடையில் 2.6 என்று சொல்லும் வளையலின் உள்விட்டம் (உட்புறக் குறுக்களவு) இரண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும்; ஏறத்தாழ 60 மி.மீ. 2.8 என்றால் 63 மி.மீ.க்குச் சற்று மேல். வளையலின் கனத்தையும் சேர்த்து, உள்ளுயரம் 8 செ.மீ. வையுங்கள். தோடு, மோதிரத்துக்கு மேலே ஒரு தட்டு வேண்டுமென்றால் இன்னும் 3 செ.மீ. கூட்டுங்கள். நீளம் 25, அகலம் 18 செ.மீ. இருந்தால் ஒருவர் அன்றாடம் போடும் நகைகளுக்குப் போதும்.

எந்த மரம்? பழைய தேக்குதான் என் தேர்வு. பழைய மரக்கடைகளில் இடித்த வீட்டுக் கதவு, சன்னல் கிடைக்கும். பல வருடம் காய்ந்த மரம் என்பதால் கோணிக்கொள்வது குறைவு. உள்ளே ஆணி ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து, அறுவை மில்லில் 10 மி.மீ. பலகையாக இழைத்துத் தரச் சொல்லுங்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பசை தடவும் முன் ஒட்டும் இடங்களைத் தின்னரால் துடைத்துவிடுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் அவசியம்.

மூடி சரியாகப் பொருந்துமா என்பதுதான் பலருக்கும் பயம். அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. பெட்டியையும் மூடியையும் தனித்தனியாகச் செய்யாதீர்கள். ஆறு பக்கமும் அடைத்த ஒரே பெட்டியாக ஒட்டிவிட்டு, பசை நன்கு காய்ந்த பிறகு சுற்றிலும் கோடு போட்டு அறுத்து மூடியைப் பிரியுங்கள். மரத்தின் ரேகையும் பெட்டியிலிருந்து மூடிக்கு அறுபடாமல் ஓடும். ரம்பம் தின்னும் 2 மி.மீ.யை மட்டும் உயரத்தில் முன்பே கூட்டிக்கொள்ளுங்கள்.

மூலைகளை 45 பாகையில் சாய்த்து வெட்டி ஒட்டினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பலம் போதாது. பசை காய்ந்ததும் மூலையில் குறுக்கே ரம்பத்தால் கீறி, மெல்லிய மரத்துண்டைப் பசையோடு செருகிவிடுங்கள். மேல்பலகையைக் காடியில் (பலகை நுழையும் பள்ளம்) பசையில்லாமல், பக்கவாட்டில் சிறு இடைவெளி விட்டு நுழையுங்கள். மழைக்காலத்தில் மரம் அகலவாக்கில் உப்பும். இடமில்லாவிட்டால் மூலை பிளக்கும். அடிக்கு 4 மி.மீ. பிளைவுட் போதும்.

உட்புறத்துக்கு என்ன பூசுவது? ஆளிவிதை எண்ணெய் வேண்டாம். மூடிய பெட்டிக்குள் அதன் வாடை மாதக்கணக்கில் நிற்கும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ் போடலாம், அல்லது ஒன்றுமே பூசாமல் விடலாம். வெளியே எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள்.

வெல்வெட்டை நேரே ஒட்டலாமா? கூடாது. அட்டையில் துணியைச் சுற்றி, அந்த அட்டையை உள்ளே இறக்குங்கள்; அழுக்கானால் பரிசு பெற்றவரே மாற்றிக்கொள்ளலாம். கம்பளித் துணியும் ரப்பர் பசையும் வேண்டவே வேண்டாம். அவற்றில் உள்ள கந்தகம் வெள்ளிக் கொலுசைக் கறுக்கவைக்கும். வைரக்கல் எதையும் கீறும், முத்து எதிலும் கீறல் வாங்கும். எனவே அறைகள் பிரிப்பது அழகுக்காக மட்டுமல்ல.

பித்தளைக் கீல் மாட்டும்போது திருகு பாதியில் முறிவது உண்டு. முதலில் சிறு துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகை ஒருமுறை முடுக்கிக் கழற்றுங்கள். பிறகு பித்தளைத் திருகில் மெழுகு தேய்த்து முடுக்கினால் சுலபமாக இறங்கும்.

பரிசு தரும் நாளுக்கு ஒரு மாதம் முன்பாவது வேலையை முடித்துவிடுங்கள். அதுவரை பெட்டி காற்றாடத் திறந்தே இருக்கட்டும். பிறகு ஒரு நாள் மூடிவைத்துத் திறந்து மோந்து பாருங்கள். வாடை அடித்தால் இன்னும் சில நாள் திறந்து வையுங்கள்.