கடைக்கு வர்ணம் பூசுமுன்: உப்புத்தாள் மெஷினில் கவனிக்க வேண்டியவை

பொங்கலுக்கு முன் கடைக்கு வர்ணம் பூசுவது நம்மவர்களின் வழக்கம். முன்பு பெயிண்டர் உப்புத்தாளை மடித்து வைத்துக்கொண்டு கதவையும் அலமாரியையும் நாள் முழுக்கத் தேய்ப்பார். இப்போது பொதட்டூர்பேட்டை போன்ற தறி ஊரிலும் டிரில்லிங் மெஷினிலோ கிரைண்டரிலோ ரப்பர் தட்டை மாட்டி, வட்ட உப்புத்தாளை ஒட்டிச் சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள். மெஷினைச் சொந்தமாக வாங்கிய கடைக்காரர்களும் உண்டு. வாங்கும்போது பேரம் பேசும் அக்கறை பராமரிப்பில் இருப்பதில்லை.

உப்புத்தாள் என்பது பெயர்தான். அதில் உப்பு கிடையாது. அலுமினியம் ஆக்சைடு, சிலிக்கன் கார்பைடு போன்ற கடினமான மணிகளைத் தாளிலோ துணியிலோ பிசின் வைத்து ஒட்டியிருப்பார்கள். பழைய பெயிண்ட் தூள் மணிகளின் இடுக்கில் அடைத்துக்கொண்டால் தாள் வழவழப்பாகிவிடும். தேயவில்லையே என்று ஆள் மெஷினை அழுத்துவார். அழுத்த அழுத்தச் சூடு ஏறும். பெயிண்ட் இளகி இன்னும் அப்பிக்கொள்ளும். தட்டிலுள்ள வெல்க்ரோ உருகும். கடைசியில் மோட்டார் காயில் கருகும். நான் பார்த்தவரை தாள் தேய்ந்து வீணாவதைவிட அடைத்து வீணாவதே அதிகம்.

அடைத்த தாளைத் தூக்கி எறிய வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தட்டுங்கள். இதற்கென்றே கிரேப் ரப்பர் கட்டி விற்கிறது. அதை வைத்துத் தேய்த்தால் தூள் ரப்பரோடு உருண்டு வந்துவிடும். சாதாரணத் தாளைத் தண்ணீரில் கழுவக் கூடாது, பிசின் விட்டுவிடும். வெல்க்ரோவைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். அங்கே தூள் இருந்தால் பிடிப்பு விட்டு, ஓடும்போதே தாள் பறக்கும்.

டிரில்லிங் மெஷின் ரப்பர் தட்டைக் கிரைண்டரில் மாட்டவே கூடாது. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். டிரில்லின் வேகம் அதில் கால் பங்குதான். அந்த வேகத்துக்குச் செய்த தட்டு கிரைண்டரில் சிதறிவிடும். தட்டில் அச்சிட்டுள்ள சுற்று எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

தூசிப் பையை வேலை முடிந்ததும் வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். மரத்தூள் இருக்கும் பையோடு இரும்பு ஷட்டரைத் தேய்த்தால் தீப்பொறி உள்ளே போய்க் கனலும். சாக்கும் பஞ்சும் இருக்கும் கடையில் அது விளையாட்டல்ல.

மளிகைக்கடைக்காரர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-ல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். மெஷின் போட்டால் அந்தத் தூள் கடை முழுவதும் பறந்து அரிசி, பருப்பு மூட்டையில் படியும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே பழைய அலமாரிக்கு மெஷின் வேண்டாம். சரக்கை வெளியேற்றிவிட்டு, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துக் கையாலேயே தேய்க்கச் சொல்லுங்கள். கூலி ஒரு நாள் கூடும், கூடட்டும். பிறகு துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். தேய்ப்பவருக்கு என்-95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்; மூக்கில் கட்டும் துண்டு போதாது.

மிச்சத் தாள்களை மூடியுள்ள தகர டப்பாவில், மேலே கனமான பலகை வைத்து அடுக்குங்கள். ஈரக்காற்று பட்டுச் சுருண்ட தாள் தட்டில் சரியாக உட்காராது.